பீப்பாய்ல இருக்கும்போதே போர்தோ வைன் வாங்குறது எப்படி: ஒரு தேயிலைக்காரன் கணக்கு

இலங்கை மலைநாட்ல வெலிமடப் பக்கம் லொறிக்காரங்க ஒரு வேல செய்வாங்க, கெழங்கு இன்னும் மண்ணுக்குள்ள இருக்கும்போதே வந்து செடியப் பாத்து, மண்ணக் கொஞ்சம் கிளறிப் பாத்து, ஒரு வெல பேசி முன்பணம் குடுத்துட்டுப் போயிருவாங்க. நல்லா விழுந்தா லொறிக்காரனுக்கு லாபம், மழை அடிச்சு அழுகுனா அவன் தலையில. பிரான்ஸ்ல போர்தோங்கற ஊர்ல செவப்பு வைனையும் இப்படித்தான் விக்கிறாங்க, இதுக்கு அவங்க பாஷைல ஆன் ப்ரிமோர்னு பேரு. வைன் பீப்பாய்க்குள்ள இருக்கும், போத்தல்ல அடைக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல கிடக்கும், நம்ம கைக்கு வர ரெண்டு வருஷம் ஆகும், ஆனா காசு மட்டும் இப்பவே கட்டணும்.

நா தலவாக்கலை பக்கம் ஒரு ஃபேக்டரில டீமேக்கருக்குக் கீழ கொஞ்ச வருஷம் இருந்தவன், அப்புறம் கப்பல்ல ஸ்டூவர்டா போயி அங்கதான் வைன் பழகுனேன். தங்கச்சி வீட்டுக்காரர் பாரிஸ்ல லா ஷப்பல் பக்கம் இருக்காரு, நாங்க ரெண்டு பேரும் சேந்து 2020ல 2019 அறுவடை வைன்ல ஒரு பெட்டி வாங்குனோம். அதுல இருந்து ஊருக்குப் போனா யாராவது ஒருத்தர் "அண்ணே அது என்னா அந்த முன்கூட்டி வாங்குற வைன்"னு கேப்பாங்க, தவறணை வாசல்ல நின்னு சொல்லி முடியாது, அதான் எழுதிட்டேன்.

மொதல்ல காலண்டர். செப்டெம்பர், ஒக்டோபர்ல திராட்ச பறிப்பாங்க. மாரிகாலத்துல வேற வேற காணில இருந்து வந்த வைன கலந்து பாப்பாங்க. அடுத்த வருஷம் ஏப்ரல்ல உலகம் பூரா இருந்து வியாபாரிங்களும் வைன் எழுதுறவங்களும் போர்தோவுக்கு வந்து பீப்பாய்ல இருந்து எடுத்த சாம்பிள ருசி பாப்பாங்க. மே, ஜூன்ல ஒவ்வொரு ஷாட்டோவா வெல சொல்லும். ஷாட்டோன்னா கோட்டைனு அர்த்தம், ஆனா நெசத்துல அது நம்ம எஸ்டேட் மாதிரிதான், காணி, ஃபேக்டரி, துரை பங்களா எல்லாம் சேந்தது. பீப்பாய் ஒன்னுல 225 லீட்டர், அதாவது 300 போத்தல்.

ஷாட்டோ நேரா நமக்கு விக்காது. நடுவுல கூர்த்தியேனு ஒரு ப்ரோக்கர், அவருக்கு 2 சதவீதம். அவருக்கு அடுத்து நெகோசியான்னு மொத்த வியாபாரி, அதுக்கு அடுத்து பாரிஸ்லயோ லண்டன்லயோ கடைக்காரன், அப்புறந்தான் நாம. இந்த முழு ஏற்பாட்டுக்கும் 'லா ப்ளாஸ்'னு பேரு. கொழும்பு தேயிலை ஏலம் 1883ல இருந்து நடக்குது, அங்கயும் தோட்டம் நேரா விக்காது ப்ரோக்கர் வழியாத்தான், அதனால இந்தக் கதை நமக்குப் புதுசு இல்ல. ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, அத மனசுல வச்சுக்குங்க. ஏலத்துல டேஸ்டர் குடிக்கிற சாம்பிள் முடிஞ்ச தேயிலை, ட்ரையர்ல காஞ்சு சலிச்சு கிரேட் பிரிச்சு சாக்குல கட்டுனது. போர்தோவுல ஏப்ரல்ல குடிக்கிறது ரோலர்ல இருந்து எறக்கி இன்னும் ஃபர்மென்ட் ஆகிட்டு இருக்கற எலைய மோந்து பாத்து வெல சொல்ற மாதிரி. இன்னும் ஒரு வருஷம் அந்த வைன் மரத்துல கெடக்கணும். கலவை கடைசி கலவையா இருக்கணும்னு இல்ல, சாம்பிள் போத்தல் தொறந்து ஒரு நாள்ல செத்துப்போகும், எந்த பீப்பாய்ல இருந்து மொண்டு குடுக்கணும்னு முடிவு பண்றதும் ஷாட்டோதான். எந்த ஷாட்டோவும் தன்னோட மட்டமான பீப்பாய நீட்டாது.

அதனால நா சொல்ற முதல் வேல, ருசிக்கு முன்னாடி மழையப் படிக்கிறது. போர்தோ பல்கலைக்கழகத்துல டெனி டுபூர்தியூனு ஒரு பேராசிரியர் இருந்தாரு, 2016ல காலமானாரு, நல்ல செவப்பு வருஷத்துக்கு அஞ்சு விஷயம் வேணும்னு அவர் ஒரு கணக்கு வச்சிருந்தாரு. ஜூன்ல பூ வெள்ளனவும் ஒரே சமயத்துலயும் பூக்கணும். பிஞ்சு புடிக்கிற நேரம் தண்ணி கொஞ்சம் கொறையணும், அப்பதான் பழம் சின்னதா நிக்கும். பழம் நெறம் மாறுறதுக்கு முன்னாடி கொடி வளர்றத நிறுத்தணும். ஆகஸ்ட், செப்டெம்பர் காஞ்சு கெடக்கணும். பறிக்கும்போது மழை வரக்கூடாது. இதப் படிச்சப்ப எனக்கு நம்ம ஊவா தேயிலைப் பக்கந்தான் ஞாபகம் வந்துச்சு. ஜூலைல இருந்து செப்டெம்பர் வரைக்கும் அங்க காஞ்ச காத்து அடிக்கும், செடி தண்ணிக்கு ஏங்கும், கொழுந்து மெதுவா வரும், றாத்தல் கொறையும், ஆனா அந்த நேரத்து தேயிலைக்குத்தான் அந்த வாசம். நல்லா மழை பேஞ்சு கொழுந்து குமிஞ்சா கொந்தரப்பு ஆளுங்களுக்கு சந்தோஷம், டேஸ்டர் மூஞ்சி சுருங்கிரும். திராட்சையும் அதே சாதிதான்.

இப்படிப் பாத்தா 2013ல பூக்கிற நேரமே கெட்டுப்போயி மழையும் சேந்து வைன் மெலிஞ்சு கெடந்துச்சு. 2021ல ஏப்ரல் மாசம் பனி அடிச்சு துளிர் கருகி, அப்புறம் குளிர், பூஞ்சணம். 2024 ஈரமான வருஷம். 2005, 2009, 2010, 2016 எல்லாம் பெருசா பேசப்பட்ட வருஷம், 2022 கடும் வெயில் வருஷம், ஆனாலும் வைன் நல்லா வந்துச்சு. ஒரு விஷயம், போர்தோவ ஒரே காணியா நெனைக்காதீங்க. ஆத்துக்கு இடது பக்கம் போயாக், சென் ஜூலியன், மார்கோ, சென்த் எஸ்தெஃப்னு சரளைக்கல் மண்ணு, அங்க கபர்னே சோவின்யோன்ங்கற திராட்ச அதிகம். வலது பக்கம் பொமரோல், சென்த் எமிலியோன், களிமண்ணு, சுண்ணாம்பு மண்ணு, அங்க மெர்லோங்கற திராட்ச. மெர்லோ முந்தி பழுக்கும், கபர்னே பிந்தி. செப்டெம்பர் கடைசில கொட்டுற மழை மெர்லோவ உள்ள கொண்டுபோனவன ஒன்னும் செய்யாது, கபர்னேக்காரன் மாட்டிக்குவான். டிம்புளை தேயிலைக்கு தை, மாசி, பங்குனி சீசன், ஊவாவுக்கு வேற மாசம், ரெண்டையும் ஒரே வாயால நல்ல வருஷம்னு சொல்ல ஏலுமா? அதே மாதிரிதான் இதும்.

ரெண்டாவது வேல ருசி. நம்மள ஏப்ரல்ல போர்தோவுக்கு யாரும் கூப்புட மாட்டாங்க, அது தொழில்காரங்களுக்கு. ஆனா பாரிஸ், லண்டன்ல சில கடைங்க வாடிக்கைக்காரங்களுக்கு எளசு வைன் ருசி பாக்க வைப்பாங்க. நா பாரிஸ் போயிருந்தப்ப மச்சான் என்னைய ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு, பத்து பதினஞ்சு சாம்பிள். மத்தவங்க எல்லாம் கறுப்பு பழம், கேதுரு மரம், பென்சில் கூருன வாசம்னு எழுதிக்கிட்டு இருந்தாங்க, எனக்கு ஒரு பழமும் தெரியல. எனக்குத் தெரிஞ்சது தொவர்ப்பு மட்டுந்தான். அது போதும்னு அப்புறந்தான் புரிஞ்சுது, ஏன்னா எளசு போர்தோவுல வாசம் மாறிக்கிட்டே இருக்கும், புது மரத்துல இருந்து வர்ற வனிலா வாசம் மத்ததெல்லாம் மூடிரும், தொவர்ப்பு மட்டும் அவ்வளவு சுலபமா பொய் சொல்லாது.

வீட்லயே பழகலாம். நல்ல பீ.ஓ.பி. (ஒடிஞ்ச எல கிரேட்) தேயிலை எடுத்து மூனு கோப்பைல ஊத்துங்க, ஒன்னு ரெண்டு நிமிஷம், ஒன்னு அஞ்சாறு நிமிஷம், ஒன்னு இருவது நிமிஷம். சீனி, பால் போடாதீங்க. ஆறுனதும் கரண்டில எடுத்து காத்தோட சேத்து சர்ர்னு உறிஞ்சுங்க, வாய் பூரா சுத்துங்க, துப்புங்க. முதல் கோப்பை வெறும் தண்ணி. ரெண்டாவது நாக்க இறுக்கிப் புடிக்கும், ஆனா ரெண்டு மூனு செக்கன்ல வாய்ல எச்சி ஊறும், இன்னொரு மொடக்கு வேணும்னு தோணும், இததான் டேஸ்டர்மாரு ப்ரிஸ்க்னு சொல்றது. மூனாவது கன்னத்து உள்பக்கம் காஞ்சு ஒட்டிக்கும், கசப்பு கடைசி வரைக்கும் நிக்கும், எச்சி ஊறாது. எலைலயும் திராட்ச தோல்லயும் கொட்டைலயும் இருக்கறது ஒரே மாதிரி சரக்கு, அது எச்சில்ல இருக்கற புரதத்தப் புடிச்சு இழுக்குது, அதனால வாய் காயுது. ரெண்டாவது கோப்பை மாதிரி இருந்தா எளசு வைன் எவ்வளவு முரட்டுத்தனமா இருந்தாலும் பத்து வருஷத்துல படிஞ்சு வரும். மூனாவது கோப்பை மாதிரி இருந்தா பழம் பழுக்கல, இல்லாட்டி கொட்டையப் போட்டு ரொம்ப அரைச்சுட்டாங்க, வச்சாலும் பழச்சுவ போயி வறட்டுத் தொவர்ப்புதான் மிஞ்சும்.

தொவர்ப்புக்கு அப்புறம் புளிப்பு பாருங்க. புளிப்பு இல்லாத வைன் மொத மொடக்குல சொகமா இருக்கும், ரெண்டாவது மொடக்குல சலிச்சுரும், வெயில் வருஷத்துல இந்தக் கோளாறு வரும். அப்புறம் துப்புனதுக்கு அப்புறம் எத்தன செக்கன் ருசி நிக்குதுனு மனசுக்குள்ள எண்ணுங்க. நா எண்ணுவேன், பக்கத்துல நின்ன வெள்ளைக்கார அம்மா ஒரு மாதிரி பாத்தாங்க, பாக்கட்டும். தொண்டைல சூடு மட்டும் நின்னா அது ருசி இல்ல, சாராயம். நெறத்தப் பாத்து ஏமாறாதீங்க, இப்ப எல்லா எளசு வைனும் கறுப்பாத்தான் இருக்கு.

ருசி பாக்க வழி இல்லையா, அப்ப அதே ஷாட்டோவோட பழைய வருஷ போத்தல் ஒன்னு வாங்கிக் குடிங்க. வருஷம் மாறும், மண்ணும் ஆளும் மாறாது. இதுக்கு செலவு பண்ணாம நேரா பன்னெண்டு போத்தலுக்கு காசு கட்டுறவங்கள எனக்கு விளங்கவே இல்ல.

பேர் பெத்த ருசிக்காரங்க குடுக்கற மார்க் பத்தி. ராபர்ட் பார்க்கர்னு ஒரு அமெரிக்கர் 1982 வைன பீப்பாய்லயே தூக்கிப் பேசுனாரு, மத்தவங்க தயங்குனாங்க, அவர் சொன்னது பலிச்சுது, அதுல இருந்து 100 மார்க் கணக்குக்குப் பின்னாடி சந்தையே ஓடுச்சு. இங்கிலாந்து வைன் எழுத்தாளர் ஜான்சிஸ் ராபின்சன் 20க்குப் போடுவாங்க. பீப்பாய் மார்க்க பல பேரு 93-95னு ஒரு இடைவெளியா குடுப்பாங்க, ஏன்னா வைன் இன்னும் முடியல. கடைக்காரன் விளம்பரத்துல அந்த 95 மட்டுந்தான் இருக்கும், 93 காணாமப்போயிரும். நா மூனு பேரு எழுதுனதப் படிப்பேன், மார்க்க பாக்க மாட்டேன், தொவர்ப்பு பத்தி என்னா எழுதுறாங்கனு மட்டும் தேடுவேன். மூனு பேருல ரெண்டு பேரு "காய்ஞ்சு முடியுது"ங்கற மாதிரி எழுதிட்டா விட்ருவேன்.

இப்ப வெல, உண்மைல இதுதான் முழு விஷயமும். ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதே ஷாட்டோவோட, இதே தரத்து பழைய வருஷம் இப்ப போத்தல்ல என்னா வெலைக்கு கெடைக்குது? பீப்பாய் வைன் அதவிட தெளிவா மலிவா இருந்தா மட்டும் வாங்குங்க. ரெண்டு வருஷம் நம்ம காச வச்சிருக்காங்க, வைன் எப்படி முடியும்னு யாருக்கும் தெரியாது, இதுக்கெல்லாம் சேத்துத்தான் அந்த கொறைவு. ஆனா வருஷா வருஷம் பல ஷாட்டோ இத மறந்துட்டு வெல சொல்லும். 2009, 2010 ரெண்டும் அற்புதமான வைன், வெலையும் ஆகாயத்துல, அப்ப பீப்பாய்ல வாங்குனவங்க பல பேரு அப்புறம் பல வருஷம் அதே போத்தல் கடைல கொறஞ்ச வெலைக்குக் கெடக்கறதப் பாத்து வயிறெரிஞ்சாங்க. நல்ல வருஷம் வேற, நல்ல கொள்முதல் வேற. மாறா 2019, வைன் நல்ல வைன், ஆனா 2020ல கொரோனா, யாரும் போர்தோவுக்கு போக முடியல, பொன்தே-கனே ஷாட்டோ முந்தின வருஷத்தவிட கிட்டத்தட்ட 30 சதவீதம் கொறைச்சு மொதல்ல வெல சொல்லிச்சு, மத்தவங்களும் பின்னாடி எறங்குனாங்க. நாங்க வாங்குனது அப்பதான். புத்திசாலித்தனம்னு சொல்ல மாட்டேன், கப்பல் நின்னு நா வீட்ல இருந்தேன், கையில செட்டில்மென்ட் காசு இருந்துச்சு.

சில ஷாட்டோ மொதல்ல கொஞ்சம் சரக்க ஒரு வெலைக்கு விட்டுட்டு, அது போனதும் அடுத்த பங்க கூட்டி விடும். "இன்னைக்கு விட்டா கெடைக்காது"னு கடைக்காரன் மெயில் போடுறது இதுக்குத்தான். சில பெரிய பேருங்களுக்கு அது உண்மை, பொமரோல்ல சின்ன காணிக்காரங்க செய்றது கொஞ்ச போத்தல்தான். மத்தவங்களுக்கு பொய், ரெண்டு வருஷம் கழிச்சும் தட்டுல கெடக்கும்.

எத வாங்குறது? 1855ல மூனாம் நெப்போலியன் பாரிஸ் கண்காட்சிக்காக ஷாட்டோங்கள அஞ்சு படியா தரம் பிரிக்கச் சொன்னாரு, அந்தப் பட்டியல் இன்னைக்கும் நடக்குது, 1973ல மூத்தோன் ரோத்ஷில்ட் மேல ஏறுனதுதான் பெரிய மாத்தம். மேல் படில லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன், மூத்தோன். அத மறந்துருங்க, அது நம்ம சம்பளம் இல்ல. லத்தூர் 2012லயே இந்த முன்விற்பனைய விட்டு வெலகிட்டு, வைன் குடிக்கிற பதத்துக்கு வந்தப்புறம் விக்கிறோம்னு சொல்லிருச்சு. நம்ம பாக்க வேண்டியது கான்த்மெர்ல், ஷஸ் ஸ்ப்ளீன், பூஜோ, பொதென்சாக் மாதிரி எடம், கொஞ்சம் கூட காசு இருந்தா லியோவில் பார்தோன், அந்தக் குடும்பம் வெலைல ஆடாதுனு பேரு எடுத்தது. சின்ன ஷாட்டோவ முன்கூட்டி வாங்குறதுல இலாபம் பெருசா இருக்காது, குடிக்க வாங்குறோம்னு தெளிவா இருங்க. மகன் பொறந்த வருஷத்து வைன் வேணும், இல்லாட்டி ஒன்றரை லீட்டர் பெரிய போத்தல்ல வேணும்னா பீப்பாய் நேரத்துல சொல்லிக் கேட்டு வாங்குறதுக்கு அர்த்தம் இருக்கு.

காசு கட்டும்போது மறைஞ்சு நிக்கிற செலவு. பிரான்ஸ்ல சொல்ற வெலைல வரி சேராது, சரக்கு வரும்போது 20 சதவீதம் வரி கட்டணும், அனுப்புற செலவு தனி. லண்டன்ல "இன் பொண்ட்"னு சொல்லுவாங்க, பொண்ட் கிடங்குல இருக்க வரைக்கும் வரி இல்ல, எடுக்கும்போது சுங்கமும் வரியும். போத்தல் 30 யூரோனு வச்சுக்குவோம், பன்னெண்டுக்கு 360, வரி 72. 2020ல யூரோ 210 ரூபா பக்கம் இருந்துச்சு, அந்த 72 யூரோ 15,000 ரூபா சொச்சம்னு நா கணக்குப் போட்டு ஒதுக்கி வச்சேன். வைன் வந்தது 2022ல. எந்த மாசம்னு சொல்லணுமா, பெற்றோல் வரிசைல ராத்திரி படுத்துக் கெடந்தோமே அந்த நேரம், யூரோ 380 ரூபா. வரி மட்டும் 27,000 ரூபாவுக்கு மேல போயிருச்சு. மச்சான் "விடு அத்தான், நா கட்டுறேன்"னு கட்டுனாரு, அதுக்கு ரெண்டு போத்தல் கூட எடுத்துக்கிட்டாரு, நியாயந்தான். ரூபால சம்பாதிக்கிறவங்க ரெண்டாவது தவணைக்கும் சேத்து மொதல்லயே வெளிநாட்ல இருக்கற சொந்தத்துக்கிட்ட ஒப்படைச்சு வச்சுருங்க.

அடுத்தது யாருக்கிட்ட வாங்குறது. கப்பல்ல என்கூட வேல பாத்த ஒரு கூட்டாளி, வெளிநாட்டுக் கடை ஒன்னுல மத்தவங்கள விட 15 சதவீதம் கொறைவுனு காசு கட்டுனான், பேரு வேணாம். ரெண்டு வருஷம் கழிச்சு கடை மூடி, கணக்கு பாக்க வந்தவங்க சொன்னது, அவன் பேருல ஒரு போத்தல்கூட வாங்கவே இல்லையாம். இதுல நீங்க வாங்குறது காகிதம், வைன் இல்ல, அத மறக்காதீங்க. பல வருஷமா இந்த முன்விற்பனை செய்ற கடையா பாருங்க. எந்த நெகோசியான்கிட்ட இருந்து சரக்கு எடுத்திருக்கீங்க, உறுதிக் கடிதம் இருக்கானு கேளுங்க, கேட்டா கோவப்படுற கடை வேணாம். இன்வொய்ஸ்ல ஷாட்டோ பேரு, வருஷம், போத்தல் அளவு, பெட்டிக்கு எத்தன, மரப்பெட்டியா அட்டையா, எப்ப குடுப்பாங்க எல்லாம் எழுதி இருக்கணும். லண்டன் கிடங்குல வச்சா உங்க பேருல கணக்கு இருக்கானு, சரக்குக்கு இலக்கம் குடுத்திருக்காங்களானு கிடங்குக்காரங்ககிட்டயே கேட்டு எடுங்க. ஊரு வெலையவிட ரொம்ப மலிவா ஒருத்தன் குடுத்தா அவன் எங்கிருந்து குடுக்கறான்னு யோசிங்க.

கொண்டு வர்றது. இங்க வைனுக்கு எறக்குமதி வரி கடுமை, பெட்டியா கொண்டு வந்தா கொள்முதல் லாபம் எல்லாம் அதுல போயிரும், அதனால ஆள் வரும்போது கஸ்டம்ஸ் விடுற அளவுக்கு ஒன்னு ரெண்டா வரட்டும். கட்டுநாயக்காவுல எறங்கி வேன்ல பின்னாடி போட்டு வெயில்ல மணிக்கணக்கா நிக்க வச்சா ரெண்டு வருஷம் காத்திருந்தது வீண், இருட்டுனதுக்கு அப்புறம் கெளம்புங்க, இல்லாட்டி ஏசி பக்கத்துல வைங்க. மேல வந்து சேந்துட்டா நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கு. வைன் தூங்குறதுக்கு 12, 13 பாகை குளிரும் 70 சதவீத ஈரமும் கேக்கும், கொழும்புல இதுக்கு தனி ஃப்ரிஜ் வாங்கணும், நுவரெலியா 1,868 மீட்டர் ஒசரம், வருஷ சராசரியே 16 பாகை பக்கம். வெயில் படாத உள் அறைல, அடுப்புக்கு தள்ளி, படுக்க வச்சா போதும். லேபல் பூஞ்சணம் புடிக்கும், மெல்லிசு பொலித்தீன சுத்திருங்க. ஹட்டன், கண்டிப் பக்கம் இருக்கறவங்க ரொம்ப வருஷம் வைக்க ஆசப்படாதீங்க.

போத்தல் கைக்கு வந்ததும் தக்கை சரியா இருக்கா, மேல ஏதும் கசிஞ்ச தடம் இருக்கா, வைன் மட்டம் கழுத்து வரைக்கும் நிக்குதானு பாருங்க, எளசு வைன்ல மட்டம் எறங்கி இருந்தா சூடு பட்டிருக்கு, ஒடனே ஃபோட்டோ எடுத்து கடைக்கு அனுப்புங்க. நல்ல வருஷத்து ஷஸ் ஸ்ப்ளீன் மாதிரி வைன் அறுவடைல இருந்து எட்டு பத்து வருஷத்துல நல்லா குடிக்க வரும், ஆனா ஒன்ன மட்டும் வந்தவுடனே தொறந்து பாருங்க, பீப்பாய் நேரத்துல தொவர்ப்பு பத்தி படிச்சது சரியானு தெரிஞ்சுக்க. ரெண்டு மணித்தியாலம் முந்தி தொறந்து ஒரு கண்ணாடி ஜக்குல ஊத்தி வைங்க. நுவரெலியா வீட்ல ஃப்ரிஜ்ல வைக்கவே வேணாம், ராத்திரி மேசைல இருக்கற குளிரே கணக்கு. கூட ஆட்டெறச்சி பெரட்டல் வைங்க, உறைப்ப மட்டும் கொஞ்சம் கொறைங்க, மொளகா எரிச்சலும் எளசு தொவர்ப்பும் சேந்தா வாய் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கும்.